தட்டணு எண்ணிக்கை: இயந்திரம் சொல்வதே இறுதித் தீர்ப்பா?

நமது நாடாளுமன்ற நிருபர்

புதுதில்லி: டெங்கு குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம், மாநில வாரியாகப் பாதிப்பு, உயிரிழப்புப் பட்டியலை மத்திய சுகாதார அமைச்சகம் தாக்கல் செய்வது வழக்கம். ஆனால், நோயாளியின் குடும்பத்தைக் கலங்கடிக்கும் எண் அந்தப் பட்டியலில் இல்லை. பிளேட்லெட் எனப்படும் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையே அது.

2017-ல் கேரளத்தில் ஏறத்தாழ 20 ஆயிரம் பேர் டெங்குவால் பாதிக்கப்பட்டனர். மிகக் கடுமையான பாதிப்பு திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான். நகரின் வடபுறத்தில் உள்ள கழக்கூட்டம், டெக்னோபார்க் வளாகத்தால் வளர்ந்த பகுதி. தமிழக இளைஞர்களும் அங்கு பணிபுரிகின்றனர். காய்ச்சலுடன் விடுதி அறையில் தனித்திருப்பவருக்கு, ஆய்வகம் தரும் அந்த ஒற்றை எண்தான் பெரும் அச்சம்.

அந்த எண் எப்போதும் சரியானதுதானா? ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள் இருப்பது இயல்பு. ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கப்படும் 'இடிடிஏ' ரசாயனம், மிகச் சிலரது தட்டணுக்களைக் கொத்தாக ஒட்ட வைத்துவிடுகிறது. கொத்துகளை இயந்திரம் தட்டணுக்களாக எண்ணாததால், இல்லாத குறைபாடு அறிக்கையில் ஏறிவிடுகிறது.

இதற்குத் தீர்வு பழைய நுண்ணோக்கிதான். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றிப் பார்த்தால் கொத்துகள் தெரிந்துவிடும். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பத்து இடங்களில் எண்ணி, சராசரியை 15 ஆயிரத்தால் பெருக்கினால் உத்தேசக் கணக்கு கிடைக்கும். கொத்துகள் இருந்தால், சிட்ரேட் குழாயில் மீண்டும் ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

டெங்குவில் தட்டணுக்கள் உண்மையாகவே குறைவதும் உண்டு. எனவே வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு தென்பட்டால் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. அதேநேரம், ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை 10 ஆயிரத்துக்குக் கீழே சென்றால்தான் தட்டணு ஏற்ற வேண்டும் என்கிறது தேசிய வழிகாட்டு நெறிமுறை. தவறான எண், தேவையற்ற செலவுக்கும் சிகிச்சைக்கும் வழிவகுக்கும்.

2015-ல் தில்லி அரசு, தட்டணுப் பரிசோதனைக் கட்டணத்துக்கு ரூ.50 என உச்சவரம்பு விதித்தது. மருத்துவ நிறுவனங்களை முறைப்படுத்த 2010-ல் நாடாளுமன்றமும், 2018-ல் கேரளமும் சட்டம் இயற்றின. கட்டணத்தை ஆணையால் குறைக்கலாம். இயந்திரத்தை நிதி ஒதுக்கி வாங்கலாம். நுண்ணோக்கி வழியே பார்க்கும் பயிற்சி பெற்ற கண்களுக்கு ஆள் நியமனமும் பயிற்சியும் வேண்டும்.

பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருப்பதால் முதல் பொறுப்பு மாநிலங்களுடையது. எனினும், அடுத்த முறை டெங்கு குறித்துக் கேள்வி எழுப்பும் உறுப்பினர்கள், உயிரிழப்புக் கணக்குடன் இதையும் கேட்கலாம்: எத்தனை ஆய்வகங்களில் நுண்ணோக்கியைப் பார்க்க ஆள் இருக்கிறார்?