கொடி பிடிக்க மட்டும் வயசு போதுமா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் ரெண்டு ப்ளஸ் டூ பசங்க. "நாம ஓட்டுப் போட்டு என்னண்ணே ஆகப்போகுது?" என்றான் ஒருவன்.

இறங்கப்போகிற ஊரையே சொன்னேன். ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1952 தேர்தலில், முதலமைச்சராக இருந்துகொண்டே, ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். 1967இல் அந்தப் பக்கம் விருதுநகரில் காமராஜரையே வீழ்த்தியவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். வித்தியாசம் 1,285 ஓட்டு. (அது சரியா தப்பாங்கிறது வேற பேச்சு, எனக்கு இன்னும் வருத்தம்தான்.) அப்போது 21 வயசு ஆனால்தான் ஓட்டு. 18 ஆனது 1989இல்.

என் கோபம் பசங்க மேல இல்லை. கொடி கட்ட, நோட்டீஸ் கொடுக்க, பைக்கில் ஊர்வலம் போகப் பதினாறு வயசுப் பையனைக் கூப்பிடுறோம். அவனே வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டால், "படிக்கிற பிள்ளைக்கு அரசியல் எதுக்கு?" என்கிறதும் நாமதான். 17 முடிந்தாலே படிவம் 6 கொடுத்து வைக்கலாம், 18 நிறைந்ததும் அடுத்த காலாண்டில் பட்டியலில் பெயர் ஏறும். இதை எத்தனை வீட்டில் சொன்னோம்? அந்த ரெண்டு பேருக்கும் தெரியாது. ஹால் டிக்கெட் கொடுக்கிற கையோட அந்தப் படிவத்தையும் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு என்ன கஷ்டம்?