நெடுந்தீவில் இரண்டு இரவு: ஊருக்கு ஒரு திறந்த மடல்

பண்டத்தரிப்பிலும் அதைச் சுற்றி சாந்தை, பிரான்பற்று, வடலியடைப்பு, சில்லாலை எங்கும் இருக்கிற என் சொந்தங்களுக்குச் சுவிஸ் பேர்ணிலிருந்து வணக்கம்.

தனித்தனியாகச் சுகம் விசாரித்து எழுத வேண்டியவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே கடிதமாக எழுதுகிறேன். கேட்கப்போவது ஒரு வீட்டாரால் மட்டும் ஆகிற காரியம் இல்லை. வருகிற சித்திரை விடுமுறையில் ஊர்ப்பிள்ளைகளையும் இங்கிருந்து வருகிற பிள்ளைகளையும் ஒன்றாக நெடுந்தீவுக்குக் கூட்டிப்போய் இரண்டு இரவு தங்கவைக்க வேண்டும். தண்ணீருக்குள் முகம் வைத்துக் கடலின் அடியைப் பார்க்கவைக்க வேண்டும். செலவும் கையைக் கடிக்கக் கூடாது.

"உனக்கென்ன விசரா பிள்ளை, நெடுந்தீவில என்ன கிடக்கு?" என்று பெரியம்மா கேட்பது இங்கேயே கேட்கிறது. பெரியம்மா, நாங்கள் ஓகஸ்டில் வந்து இறங்கி, நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் போய், வான் பிடித்துக்கொண்டு பெந்தோட்டைக்கும் ஹிக்கடுவைக்கும் போகிறோம். கொஞ்சம் காசு கூடினவர்கள் கொழும்பிலிருந்து மாலைதீவுக்கே பறக்கிறார்கள். அங்கே கண்ணாடி போட்டு மீன் பார்த்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். நீங்களும் பார்த்துவிட்டு "வடிவாய் இருக்கு" என்று எழுதுகிறீர்கள். எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து மாதகல் கடல் சைக்கிள் தூரம். அந்தக் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே வளர்கிற பிள்ளைக்கும் தெரியாது, அங்கே வளர்கிற பிள்ளைக்கும் தெரியாது.

முதலில் மாதக் கணக்கைப் பார்ப்போம். இந்தத் திட்டம் நிற்பதும் விழுவதும் அதில்தான். ஓகஸ்ட் என்பது சோழகக் காற்று எழும்பி நிற்கிற காலம். நெடுந்தீவின் தெற்கு, மேற்குக் கரைகளில் அலை அடித்து மணலைக் கிளப்பிவிடும், தண்ணீர் கலங்கிக் கிடக்கும், படகுப் பயணமும் வயிற்றைப் புரட்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று, மழை. இரண்டுக்கும் இடையில் மாசியிலிருந்து சித்திரைவரைதான் கடல் படுத்திருக்கும். மீன்பிடிக்கிற வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சுவிஸில் பள்ளிக்கூடங்களுக்குச் சித்திரை மாதத்தில் இளவேனில் விடுமுறை வருகிறது. ஊரிலும் புத்தாண்டை ஒட்டிப் பள்ளிக்கூட விடுமுறை. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சும்மா இருக்கிற, கடலும் சும்மா இருக்கிற காலம் அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு எல்லோரும் ஓகஸ்டிலேயே முட்டிமோதுகிறோம்.

நல்லூர்க் கொடியை விட மனமில்லாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஓகஸ்டில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். திருகோணமலைக்குப் போய் நிலாவெளியில் வள்ளம் பிடித்தால் ஒரு கிலோமீற்றர் அளவில் புறாத்தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். இடுப்பளவு தண்ணீரிலேயே பவளப்பாறை, அதிர்ஷ்டம் இருந்தால் கரும்புள்ளிச் செட்டை கொண்ட சின்னச் சுறாக்கள் கூட. அவை ஆளைக் கண்டால் தாங்களே விலகிப் போகிறவை. ஆனால் தீவில் இரவு தங்க விடமாட்டார்கள், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரை விடப் பல மடங்கு, வள்ளக் கூலி தனி. ஐந்து பேர் குடும்பமாகப் போனால் "மலிவு" என்ற சொல்லை மறந்துவிடலாம். மீன் பார்க்க மட்டும் என்றால் புறாத்தீவுதான் திறம், அதை மறைக்கவில்லை. நான் கேட்பது தங்குவதைப் பற்றி.

தீவில் தங்குவது எப்படி என்று எங்கள் பக்கத்துச் சனத்துக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போய்வந்த வீடுகள் சில்லாலையில், மாதகலில் எத்தனை! ஆள் குடியில்லாத, குடிதண்ணீர் இல்லாத தீவு. தண்ணிக்கான், பாய், தறப்பாள், பிட்டுப் பொட்டலம், பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய், மணலில் படுத்து, பூசை கண்டு, மறுநாள் திரும்புகிறீர்கள். அந்தப் பழக்கத்தில் பாதி போதும். நெடுந்தீவில் ஊர் இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது, கடை இருக்கிறது, ஓட்டோ இருக்கிறது, சின்னச் சின்னத் தங்குமிடங்களும் இருக்கின்றன.

இனிப் போகிற வழி. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் 776 ஏறினால் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான். பண்டத்தரிப்பிலிருந்து மோட்டார்சைக்கிளில் போகிற பொடியளுக்கு யாழ்ப்பாணத்தைச் சுற்றத் தேவையில்லை. சித்தன்கேணி, பொன்னாலைப் பாலம் வழியாகக் காரைநகருக்குப் போய், 'பாதை' என்று சொல்கிற மிதவைப் படகில் ஏறி ஊர்காவற்றுறையில் இறங்கி, வேலணைப் பக்கமாகப் புங்குடுதீவைப் பிடிக்கலாம். பாதை ஓடுகிறதா, பழுதாகிக் கிடக்கிறதா என்று முதல்நாள் விசாரித்துவிட்டு வெளிக்கிடுங்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர் சொல்லித்தான் சனம் படகைக் கேட்கும். எது எந்த நாள், எத்தனை மணிக்கு என்பது மாறிக்கொண்டே இருப்பதால் நெடுந்தீவில் தங்கப்போகிற வீட்டாரிடமே கேட்பது நல்லது. குமுதினியில் ஏறும்போது 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கப்போவதில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு போகாதீர்கள். வார இறுதியில் சுற்றுலாச் சனம் படகை நிறைத்துவிட, ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்புகிற தீவுக் கிழவி நின்றுகொண்டு போகிறாள். நாங்கள் கிழமை நாளில் போனால் இடமும் கிடைக்கும், தங்குமிடக்காரருக்கும் காலியான நாளில் நாலு காசு கிடைக்கும்.

செலவைப் பற்றிச் சொன்னால் வெளிநாட்டுக்காரரின் பணம் எங்கே கரைகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொழும்பிலிருந்து பிடித்த வான், துறைமுகத்தில் இரண்டு நாள் சும்மா நிற்பதற்கு வாங்குகிற காத்திருப்புக் காசு. போத்தல் தண்ணீர். யாழ்ப்பாணத்து ஹோட்டலில் கட்டின கொத்துரொட்டி, ஆறிப்போய்ப் பாதி குப்பைக்கு. இந்த மூன்றையும் வெட்டினாலே முக்கால்வாசி மிச்சம். பஸ்ஸில் போங்கள். ஆளுக்கொரு தண்ணிக்கான் கொண்டுபோங்கள், ஏனென்றால் சுண்ணக்கல் தீவில் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உவர், நல்ல தண்ணீர் அங்குள்ளவர்களுக்கே எண்ணி எண்ணித்தான். குளிக்கும்போதும் அதை நினைவில் வைத்திருங்கள். சாப்பாட்டைத் தங்குகிற வீட்டிலேயே முதல்நாள் சொல்லி முற்பணம் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு வலையில் பட்ட மீன், கணவாய், நண்டு, பிட்டு, தீவுத் தயிர். பசுத்தீவு என்று முந்தி பெயர் பெற்ற இடம், தயிரைத் தவறவிடாதீர்கள். சைக்கிள் கிடைத்தால் எடுங்கள், தீவு ஏறத்தாழ 50 சதுரக் கிலோமீற்றர். வெயில் ஏறமுதல் சுற்றி முடிக்க வேண்டும். கையில் காசாக வைத்திருங்கள், கார்ட்டை நம்பிப் போகாதீர்கள்.

ஆனால் சமைக்கிற அக்காவிடமும் வள்ளக்காரரிடமும் பேரம் பேசாதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறினபோது எங்கள் பிராங்கும் சேர்ந்து ஊதிப்போனது. அந்த ஊதலில் வந்த இலாபத்தை வைத்துக்கொண்டு ஒரு நண்டுக்கறிக்கு இருநூறு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிற வெளிநாட்டுத் தமிழரைக் கண்டால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. காசு தீவுச் சனத்தின் கைக்கே போகட்டும். மாலைதீவிலே ஒரு காலத்தில் சுற்றுலாப் பயணிகள் தனித் தீவு ஹோட்டல்களில் மட்டும்தான் தங்கலாம், சனம் வாழ்கிற தீவில் தங்க அனுமதி இல்லை. 2009க்குப் பிறகுதான் அதைத் திறந்துவிட்டார்கள். மாஃபுஷி போன்ற தீவுகளில் வீட்டுக்காரர்களே அறை கட்டி வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். நெடுந்தீவில் அந்த வழி அடைபட்டிருக்கவில்லை. போய்த் தங்குகிற ஆள்தான் இல்லை. காலைப் படகில் வந்து, குதிரையையும் பெருக்கமரத்தையும் கோட்டையையும் படம் எடுத்து, சோத்துப் பார்சல் பேப்பரை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னேரப் படகில் திரும்புகிறவர்களால் தீவுக்கு மிஞ்சுவது குப்பை மட்டும்.

குதிரையையும் கோட்டையையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் மதிலைச் சொல்கிறேன். நெடுந்தீவில் வளவுக்கு வளவு பவளக்கல் மதில். சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினது. ஒரு கல்லைக் கிட்டப்போய்ப் பாருங்கள். நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள், இன்னொன்றில் மூளை மடிப்புப்போல வளைந்து வளைந்து போகிற கோடுகள். ஒவ்வொரு குழியிலும் ஓர் உயிர் இருந்தது. ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்வதே பெரிய காரியம். பிள்ளைகளை முதல்நாள் மாலை இந்த மதிலுக்குப் பக்கத்தில் நிறுத்தித் தொட்டுப் பார்க்கவிடுங்கள். மறுநாள் காலை கடலில் உயிரோடு கிடக்கிற அதையே கண்டால் அதன்மேல் ஏறி நிற்க மாட்டார்கள்.

மாலைதீவு நீலத்தை எதிர்பார்த்துப் போய் ஏமாறவும் வேண்டாம். பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், மணலும் சாதாழை என்கிற கடற்புல்லும் கூட. 2016இல் தண்ணீர் சூடேறி இலங்கையைச் சுற்றிப் பல இடங்களில் பவளம் வெளிறிச் செத்தது, கற்பிட்டிப் பக்கத்தில் படுமோசம். ஆனபடியால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருக்கும். அதனால் என்ன? சாதாழைக்கு மேலே கூட்டமாய் மேய்கிற ஒரா மீனை இதுவரை சட்டியில் மட்டும் கண்ட பிள்ளை, அது தலையைச் சரித்துப் புல் கடிக்கிறதைப் பார்க்கட்டும். எந்தக் கரையில் இறங்குவது என்று அன்றன்று காற்றைப் பார்த்து அங்குள்ள மீன்பிடிகாரர் சொல்வார்கள். "இண்டைக்குச் சரிவராது தம்பி" என்றால் சரிவராது, அதோடு கதை முடிந்தது. மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் உரசி உரசி நடக்கச் சொல்லுங்கள், புதைந்து கிடக்கிற திருக்கை விலகிப் போகும். வெயிலுக்குக் கிறீம் பூசாமல் நீளக்கை உடுப்புப் போடுங்கள். சில கிறீம்களில் உள்ள இரசாயனம் பவளத்துக்கு நஞ்சு என்று ஹவாயும் பலாவும் சட்டம் போட்டே தடுத்திருக்கின்றன.

இப்போது நான் உண்மையில் கேட்க வந்தது. இங்கே பள்ளிக்கூடத்திலேயே நீந்தப் பழக்குகிறார்கள். என் மகள் தூண் ஏரியில் மீன்குஞ்சுபோலப் போய்வருகிறாள். ஊரில் அவளுடைய வயது மச்சாள்மாரை முழங்கால் தண்ணீருக்கு மேல் போக விடுவதில்லை. கடல் குளிக்கப் போனாலும் பெண்பிள்ளைகளுக்குக் கிடைப்பது செருப்புக்கும் ரெலிபோனுக்கும் காவல் வேலை. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. யுத்த காலம் முழுக்கக் கடல் அடைபட்டுக் கிடந்தது, மீன்பிடிக்கே பாஸ், 1995இல் ஊரோடு இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தபோதும் கரை நேவியின் கையில். நீந்தத் தெரிந்த தலைமுறை பழக்கிவிட முடியாமலே வயதாகிவிட்டது. ஆனால் அந்தக் காரணங்கள் இப்போது பெரும்பாலும் போய்விட்டன, பழக்கம் மட்டும் நிற்கிறது.

இங்கே காசு சேர்த்துக் கோயிலுக்குக் கோபுரம் கட்டினோம், மண்டபம் கட்டினோம், மைதானத்துக்கு விளக்குப் போட்டோம். இந்த முறை உயிர்காப்பு அங்கிகளும், முகத்தை மூடுகிற கடல் கண்ணாடிகளும், மூச்சுக்குழாய்களும், பெண்பிள்ளைகளுக்கு நீளக்கை நீச்சல் உடுப்பும் வாங்கி அனுப்பலாம் என்று பேர்ணில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் சிலர் பேசியிருக்கிறோம். அவற்றைச் சனசமூக நிலையத்து அலுமாரியில் பூட்டி வைக்காமல் நூலகப் புத்தகம்போல எழுதிக் கொடுத்து வாங்க ஒரு ஆள் வேண்டும். மாசி பிறந்து வாடை அடங்கினதும் மாதகலில் காலை வேளையில் நீந்தப் பழக்க, நீந்தத் தெரிந்த மீன்பிடிகாரர் இரண்டு பேரும், பெண்பிள்ளைகளோடு நிற்க இரண்டு பெண்களும் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் நாங்கள் தருகிறோம், "ஊருக்குச் சேவை" என்று சொல்லி ஓசியில் செய்விக்க வேண்டாம். அங்கியோடும் மூச்சுக்குழாயோடும் பத்து நிமிடம் முகம் குப்புற மிதக்கத் தெரியாத பிள்ளையை நெடுந்தீவுத் தண்ணீரில் இறக்கக் கூடாது. அது என் பிள்ளையானாலும் சரி.

ஒரே முறையில் இருபது பேருக்கு மேல் வேண்டாம், தங்குமிடங்களும் தண்ணீரும் தாங்காது. பாதிக்குப் பாதி பெண்பிள்ளைகள். கூடவே ஒவ்வொரு தரப்பிலும் இரண்டு தாய்மார். தை முடியுமுன் பேர்களைச் சனசமூக நிலையத்தில் கொடுத்துவிடுங்கள், நாங்கள் விமானச்சீட்டுப் போட வேண்டும். பெரியம்மா, பிட்டுக் கட்ட நீங்களும் வாருங்கள். கடலில் இறங்கத் தேவையில்லை, ஆனால் செருப்புக்குக் காவல் இருக்க இந்த முறை ஆம்பிளைப் பிள்ளை ஒருவனைத்தான் விடுவோம்.

அன்புடன்,
பேர்ணில் இருக்கும் உங்கள் ஊர்ப்பிள்ளை