ஊதா அரிசி: மருந்தாக வேண்டாம், உணவாகட்டும்

சோறு என்றால் மல்லிகைப் பூப்போல் வெண்மையாக இருக்க வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். மணிப்பூரிலோ, விருந்திலும் விழாவிலும் பரிமாறப்படும் சக்ஹாவ் அரிசிப் பாயசம் அடர்ந்த ஊதா நிறத்தில் இருக்கும். அரிசியாகக் காணும்போது கறுப்பு, வெந்தபின் ஊதா. 2020ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டு விருந்துகளில் இனிப்பாகப் பரிமாறப்படும் கவுனி அரிசியும் இதே நிறத்தது என்பதால், நமக்கு இது முற்றிலும் அயலான தானியம் அன்று.

இவ்வரிசியின் சிறப்பு அதன் மேலுறையில் உள்ளது. நாவற்பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளே இதன் தவிட்டிலும் நிறைந்துள்ளன. இவை ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் இயல்புடையவை. நார்ச்சத்து, மெக்னீசியம், பி வகை வைட்டமின்கள் ஆகியவற்றின் பெரும்பகுதியும் தவிட்டிலும் முளைக்கருவிலுமே அடங்கியுள்ளன. அரிசியைத் தீட்டும்போது இவையெல்லாம் நீங்கிவிடுகின்றன.

தவிட்டின் அருமையை உலகம் பட்டுணர்ந்தது. 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் பெரிபெரியை ஒத்த நரம்பு நோயால் நலிவதையும், தீட்டாத அரிசி கொடுத்தபின் அவை தேறுவதையும் கண்டார். வைட்டமின்களைப் பற்றிய அறிவுக்கு வழிகோலிய அப்பணிக்காக, 1929இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எனினும், ஊதா அரிசி நீரிழிவையும் புற்றுநோயையும் போக்கும் என்று விளம்பரம் செய்வதை நாம் ஏற்பதற்கில்லை. இதுவும் மாச்சத்து மிகுந்த உணவே. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி ஆற்றல் உண்டு. சக்ஹாவ் போன்ற பசையுள்ள வகைகளின் மாச்சத்து எளிதில் செரிக்கக்கூடியது. ஆகவே, நீரிழிவு உள்ளோர் அளவறிந்து உண்பதும், மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தாதிருப்பதும் இன்றியமையாதவை. சர்க்கரையைக் கொட்டிப் பாயசமாக மட்டுமே உண்டால், நாடிய நலனில் பெரும்பகுதியை நாமே இழக்கிறோம்.

சமைப்பதிலும் கவனம் வேண்டும். நிறமி நீரில் கரையக்கூடியது. ஆதலால், அரிசியை ஓரிருமுறை மட்டும் கழுவி, இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரிலேயே வேகவைத்தல் நன்று. கஞ்சியை வடித்தல் கூடாது. தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை தருமாதலால், சிறிதளவே வாங்கிக் காற்றுப்புகாத கலத்தில் வைக்க வேண்டும்.

விலை கூடுதல் என்பது உண்மையே. அதனால் நாள்தோறும் உண்ண வேண்டும் என்று நாம் கூறவில்லை. வாரம் ஒருமுறை, வெள்ளரிசிக்கு மாற்றாக, பருப்புடனும் காய்கறியுடனும் உண்போம். ஒருமுறை ஆர்வத்தால் மிகுதியாக வாங்கிவிட்டு மறப்பதைக் காட்டிலும், சிறிதளவேனும் தொடர்ந்து வாங்குவதே உழவரை இந்நெல்லை மீண்டும் விதைக்கத் தூண்டும். சிறுசேமிப்பைப் போலவே, உடல்நலமும் சிறுகச் சிறுகத்தான் சேர்கிறது.