25 வயசானாதான் அமெரிக்காவுக்குள் என்ட்ரி... ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ஏன் இப்படி ஒரு விதி?

2003-ல் வெளியான '2 ஃபாஸ்ட் 2 ஃபியூரியஸ்' படத்தில் மயாமி வீதிகளில் சீறிப் பாய்ந்த வெள்ளி நிற கார் ஞாபகம் இருக்கிறதா? அதுதான் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34. படம் வந்து அமெரிக்க இளைஞர்கள் கொண்டாடிய அதே காரை, ஜப்பானில் இருந்து வழக்கமான முறையில் இறக்குமதி செய்து ஓட்ட அவர்கள் 2024 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், '25 ஆண்டு விதி'.

விதி என்ன சொல்கிறது?

அமெரிக்காவுக்குள் வரும் கார், அந்நாட்டின் பாதுகாப்பு விதிகளுக்கும் புகை விதிகளுக்கும் ஏற்ப தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஜப்பான் சந்தைக்காக மட்டும் தயாரான காருக்கு அந்தச் சான்று கிடையாது. ஒரே ஒரு காருக்காக சோதனைகள் நடத்தி சான்று வாங்குவதும் தனிநபரால் ஆகிற காரியம் இல்லை.

ஆனால், தயாரித்து 25 ஆண்டு முடிந்துவிட்டால் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் அந்தச் சான்றைக் கேட்காது. புகை விஷயத்தைப் பார்க்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 21 ஆண்டு போதும். ஆனால் கார் மாற்றம் செய்யப்படாமல் ஒரிஜினல் நிலையில் இருக்க வேண்டும்.

இங்கேதான் பலரும் தப்புக் கணக்கு போடுகிறார்கள். 25 வயது ஆகிவிட்டதால் கார் பாதுகாப்பானது என்று அரசு சான்று தரவில்லை. கேள்வி கேட்பதை நிறுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன்பிறகு காரில் என்ன குறை இருந்தாலும் அது வாங்கியவர் தலையில்தான் விடியும்.

ஜெர்மன் காருக்கு வைத்த குறி

1980-களில் டாலர் மதிப்பு உச்சத்தில் இருந்தது. மெர்சிடிஸ் பென்ஸ், பிஎம்டபிள்யூ கார்களை அமெரிக்க ஷோரூமில் வாங்குவதைவிட ஐரோப்பாவில் வாங்கிக் கப்பலில் ஏற்றுவது மலிவாக இருந்தது. 1985-ல் மட்டும் 60 ஆயிரத்துக்கும் அதிகமான கார்கள் இப்படி வந்தன. வியாபாரம் அடிவாங்கிய நிறுவனங்களும் டீலர்களும் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசுக்கு அழுத்தம் கொடுத்தார்கள்.

விளைவு, 1988-ல் புதிய இறக்குமதிச் சட்டம். சொகுசு ஜெர்மன் கார்களைத் தடுக்க வந்த சட்டத்தில், அமெரிக்காவில் விற்கப்படாத ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களும் மாட்டிக்கொண்டன.

ஜப்பானில் மட்டும் எப்படி நல்ல பழைய கார்கள்?

ஜப்பானில் 'ஷாக்கென்' என்ற கட்டாயச் சோதனை உண்டு. புதிய காருக்கு 3 ஆண்டில் முதல் சோதனை, பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. செலவும் அதிகம். பெட்ரோல் கார் 13 ஆண்டைத் தாண்டினால் வரியும் கூடும். அதனால் பலர் நல்ல நிலையில் இருக்கும்போதே காரை விற்றுவிடுகிறார்கள். அவை ஏலச் சந்தைகள் வழியாக வெளிநாடு போகின்றன.

யென் சரிவும் கைகொடுத்தது. 2024 ஜூலையில் ஒரு டாலருக்கு 160 யென்னுக்கு மேல் கிடைத்தது. டாலர் வைத்திருப்பவருக்கு அது தள்ளுபடி விற்பனை மாதிரி.

விலையைத் தீர்மானிக்கும் காலண்டர்

1989-ல் வந்த ஆர்32 ஜிடி-ஆர், 2014-ல் அமெரிக்காவுக்குத் தகுதி பெற்றது. 1995-ன் ஆர்33 2020-லும், 1999-ன் ஆர்34 2024-லும் தகுதி பெற்றன. ஒவ்வொரு முறையும் தேதி நெருங்க நெருங்க விலை எகிறியது.

ஆர்34 ஜிடி-ஆர் மொத்தமே 12 ஆயிரத்துக்கும் குறைவாகத்தான் தயாரானது. புதிதாக விற்றபோது விலை சுமார் 50 லட்சம் யென். பால் வாக்கர் 2009 படத்தில் ஓட்டிய ஆர்34, 2023 ஏலத்தில் 13.5 லட்சம் டாலரைத் தாண்டியது. அது சினிமா மவுசு. ஆனால் சாதாரண ஆர்34-ம் நடுத்தர வருமானக்காரரின் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

கணக்கு மாதத்தில் நடக்கிறது. 2001 மே மாதம் தயாரான காரை 2026 ஏப்ரலில் இறக்க முடியாது. முன்கூட்டியே வாங்கி, ஜப்பானிலேயே நிறுத்திவைத்துக் காத்திருப்பவர்களும் உண்டு.

துறைமுகம் தாண்டினால் முடிந்ததா?

இல்லை. மத்திய அரசு அனுமதித்தாலும், நம்பர் பிளேட் தருவது மாநிலம். கலிஃபோர்னியாவில் புகை விதி விலக்கு 1975 வரையிலான மாடல்களுக்குத்தான். அதற்குப் பிந்தைய கார் என்றால், ஆய்வகச் சோதனையில் தேற வேண்டும். கெய் எனப்படும் ஜப்பானின் குட்டி வாகனங்களைப் பதிவு செய்ய சில மாநிலங்கள் மறுத்தன. டெக்சாஸ், உரிமையாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2024-ல் இறங்கி வந்தது.

வயதை மாற்றிக் காட்டினால்? 2000-ம் ஆண்டு மினி கூப்பர் ஒன்றை 1988 மாடல் என்று காட்டியது கண்டுபிடிக்கப்பட்டு, கார் நொறுக்கப்பட்டது. அந்த வீடியோவை 2013-ல் சுங்கத்துறையே வெளியிட்டது. காரும் போச்சு, காசும் போச்சு.

எதில் ஏமாறுகிறார்கள்?

* தேதி: ஜப்பான் கார்களின் தகட்டில் பெரும்பாலும் தயாரிப்பு மாதம் இருக்காது. 25 ஆண்டுக்கு முன்பே விற்பனையான அல்லது பதிவான ஆவணம் கையில் இருக்க வேண்டும்.
* ஏலத் தாள்: 'ஆர்' என்ற குறியீடு இருந்தால், விபத்தில் அடிபட்டு ரிப்பேர் ஆன கார் என்று அர்த்தம். தாளின் மொழிபெயர்ப்பை விற்பவரை நம்பி விடாமல் தனியாகச் சரிபார்ப்பது நல்லது.
* துரு: பனிக்கு உப்பு தூவும் பகுதிகளில் ஓடிய காரின் அடிப்பகுதி அரித்திருக்கலாம். பளபளக்கும் பெயின்ட் அதைக் காட்டாது.
* உதிரிபாகம்: ஆர்32-க்கான சில பாகங்களை நிஸான் 2017 முதல் மீண்டும் விற்கிறது. எல்லாமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்து என்ன?

2026-ல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் 7 வரிசையில் நிற்கிறது. 2002 ஆகஸ்டில் தயாரிப்பு நின்ற ஆர்34 ஜிடி-ஆரின் கடைசி கார்களுக்கு 2027-ல் கதவு திறக்கும்.

பக்கத்து நாடான கனடாவில் இந்த வரம்பு 15 ஆண்டுதான். அதே ஆர்34-ன் கடைசி கார்கூட அங்கே 2017-லேயே தகுதி பெற்றுவிட்டது. கார் ஒன்றுதான், இரண்டு நாட்டுக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடுதான். 15 ஆண்டா, 25 ஆண்டா என்பது அரசுகள் போட்ட கணக்கு. அந்தக் கணக்குக்கும் காரின் பிரேக் பிடிக்குமா என்பதற்கும் சம்பந்தமில்லை. அதைப் பார்க்க வேண்டியவர் வாங்குபவர் மட்டுமே.