குண்டர் முதலில், பொடியன் கடைசியில்

தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பிரித்ததும் மடிப்பு மடிப்பாகக் கையோடு வந்தால், வீட்டில் உடனே கரையானைத் திட்டுவார்கள். கரையான் பல சமயம் நிரபராதி. ஆசாமி வேறு. அமிலம்.

காகிதம் என்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் துண்டுகள் கைகோத்து நிற்கும் நீ...ண்ட க்யூ. பருத்தியில் ஒரே சங்கிலியில் சுமார் 10,000 துண்டுகள். துண்டுக்கு 162 வீதம் மூலக்கூறு எடை 16 லட்சத்தைத் தாண்டும். மை ஊறாமலிருக்க, 19-ஆம் நூற்றாண்டிலிருந்து காகிதத்தில் படிகாரமும் ரோசினும் சேர்த்தார்கள். படிகாரம் ஈரத்தில் அமிலமாகிச் சங்கிலியைக் கத்தரிக்கிறது. சில நூறு துண்டுகளாகக் குறைந்தால் காகிதம், அப்பளம்.

எவ்வளவு அறுந்திருக்கிறது? மடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம் பத்திரம் இருக்காது. அதற்குத்தான் குரோமடோகிராஃபி. ஓரத்தில் சில மில்லிகிராம் சுரண்டினால் போதும். செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது (கரைந்தால் வேட்டியைத் துவைக்க முடியுமா?). லித்தியம் குளோரைடு கலந்த டைமெத்தில் அசெட்டமைடில் கரைத்து, நுண்துளை மணிகள் அடைத்த குழாயில் செலுத்துகிறார்கள்.

எது முதலில் வெளியே வரும்? ஆபீஸ் நண்பரைக் கேட்டேன். ''பொடிசுதான் சார், சந்துல பூந்து வந்துரும்!'' என்றார்.

பூந்துரும், வாஸ்தவம். அதுதான் வினை. பொடிசு ஒவ்வொரு துளையிலும் நுழைந்து வேடிக்கை பார்த்துவிட்டு லேட்டாக வரும். ரங்கநாதன் தெருவில் பீரோ சுமக்கிறவர் எந்தக் கடைக்குள் நுழைவார்? நேரே மெயின் ரோடுதான். பெரிய சங்கிலியும் அப்படியே.

1955-ல் லண்டனில் லேத், ருத்வன் இருவரும் இந்த வித்தைக்கு உபயோகித்த சல்லடை என்ன தெரியுமோ? தண்ணீரில் ஊறிய ஸ்டார்ச். கிட்டத்தட்ட நம்ம கஞ்சி!

ஒரு சிக்கல். வெளிவரும் நேரம் காட்டுவது சைஸை, எடையை அல்ல. ஸ்டார்ச்சில் உள்ள அமைலோபெக்டின் மாதிரி கிளைவிட்டுச் சுருண்ட மூலக்கூறு, எடைக்குப் பொருந்தாமல் சின்னதாய் நடிக்கும். அதனால் வாசலில் லேசர் வைத்து, ஒளி சிதறுவதை அளந்து நிஜ எடையைப் பிடிக்கிறார்கள்.

அமிலத்தைக் காரம் சேர்த்து முறிக்கலாம். அறுந்த சங்கிலியை ஒட்ட முடியாது. அதனால் பத்திரத்தை மடிக்காதீர்கள். 'பத்திரமா இருக்கும்' என்று லேமினேட்டும் செய்யாதீர்கள். அமிலத்தையும் சேர்த்துப் பூட்டி வைப்பீர்கள்.

இந்தப் பக்கமும் செல்லுலோஸ்தான். இதில் தாராளமாக பஜ்ஜி மடிக்கலாம்.