இரண்டரை வயது அண்ணன்

வயதுக்கு மீறி வளர்ந்த குழந்தையை நம் ஊரில் 'நல்ல வளர்த்தி' என்பார்கள். சொன்ன கையோடு, கண்பட்டுவிடும் என்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடவும் சொல்வார்கள். பாராட்டும் அச்சமும் கலந்த அந்தச் சொல்லில் குழந்தையின்மீது ஒரு கரிசனம் இருக்கிறது. அதே குழந்தையைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றால், அந்த வளர்த்தி முதலில் கட்டணமாகவும் பிறகு குற்றச்சாட்டாகவும் மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தைப் பற்றித்தான் இங்கே சற்றுப் பேச விரும்புகிறோம்.

பூங்காக்கள் குழந்தையை இரண்டு விதமாக அளக்கின்றன. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்துக்கு வயதுதான் கணக்கு. மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் கிடையாது. 3 முதல் 9 வரை சிறுவர் கட்டணம். 10 முதல் பெரியவர் கட்டணம். நம் நாட்டுப் பூங்காக்கள் பலவற்றில் வயதைக் கேட்பதே இல்லை. நுழைவாயிலருகே 85 அல்லது 90 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு இருக்கும். தலை அதைத் தாண்டினால் சீட்டு வாங்கவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி, இரண்டு வயது ஆண் குழந்தையின் நடுத்தர உயரம் 87 செ.மீ.; மூன்று வயதில் 96 செ.மீ. ஆனால் இரண்டரை வயதிலேயே 98 செ.மீ. தொட்டுவிடும் குழந்தைகளும் உண்டு. அதே அட்டவணையின் இயல்பான எல்லைக்குள் வருபவர்கள்தாம் அவர்களும். எங்கள் மகன் அந்த ரகம். பார்ப்பவர்கள் நான்கு வயது என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள்.

உயரக்கோட்டின் பக்கமும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வயதைக் கேட்டால் பொய் வரும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் "கேட்டா மூணுன்னு சொல்லு" என்று பேருந்துப் படிக்கட்டிலேயே பாடம் நடத்தும் பெற்றோரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். குழந்தை கற்றுக்கொள்ளும் முதல் பொய் பல வீடுகளில் அதன் வயதைப் பற்றியதாகவே இருக்கிறது. கோடு இருந்தால் இந்த வழக்கு இல்லை. முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லும் சாமர்த்தியம் வேண்டுமானால் மிஞ்சும். சான்றிதழ் கேட்டு வரிசையை நிறுத்தவும் வேண்டாம். ஆகவே சில நூறு ரூபாய்க்காக நாம் வருந்தவில்லை. வளர்த்தியான பிள்ளையைப் பெற்றவர்கள் செலுத்தும் வரி என்று அதை எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் உள்ளே போன பிறகுதான் தொடங்குகிறது. ராட்டினங்களுக்கும் ரோலர் கோஸ்டர்களுக்கும் உயர வரம்பு இருப்பது மிகச் சரி. மடிமீது இறங்கும் கம்பியும் தோளை அணைக்கும் பட்டையும் ஒரு குறிப்பிட்ட அளவுள்ள உடலைக் கணக்கிட்டே செய்யப்பட்டவை. அதற்குக் குறைந்த உடல் நழுவிவிடும். இயந்திரத்துக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான். ஆனால் "இந்த உடலை என்னால் பிடித்துக்கொள்ள முடியும்" என்று இயந்திரம் சொல்வதை, "இந்தக் குழந்தை இதைத் தாங்கும்" என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். ஃபுளோரிடாவின் மேஜிக் கிங்டம் பூங்காவில் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்குக் குறைந்தபட்ச உயரம் 97 செ.மீ. 98 செ.மீ. உயரமுள்ள இரண்டரை வயதுக் குழந்தை, வாயிலில் கட்டணமில்லாக் கைக்குழந்தை. சுரங்க ரயிலிலோ தகுதிபெற்ற பயணி. இருட்டும் சரிவும் விளையாட்டுக்காக என்பது அதற்கு இன்னும் விளங்கியிருக்காது. அந்த அச்சத்தை அளக்க எந்தச் சுவரிலும் கோடு இல்லை.

இவற்றையெல்லாம்விட நம்மை வருத்துவது மனிதர்களின் பார்வை. மதியம் ஒரு மணி, வெயில், நீண்ட வரிசை, தூக்கம் தவறிப்போன குழந்தை. தரையில் படுத்து அழும். மூன்றடிக்குள் இருக்கும் குழந்தை அப்படி அழுதால் "பாவம், தூக்கம் வந்துடுச்சு" என்பார்கள். எங்கள் மகன் அழுதபோது கிடைத்தது "இவ்வளவு பெரிய பையன் அழலாமா?" என்ற கேள்வி. ஒரு பூங்காவில், பந்துகள் நிரப்பிய சிறுவர் தொட்டியிலிருந்து அவனை வெளியே வரச் சொன்னார் அங்கிருந்த பணியாளர். அவர் குரலில் கடுமை இல்லை. "அண்ணா, நீங்க வாங்க, சின்னப் பாப்பாங்க விளையாடட்டும்" என்றார். அந்தச் சின்னப் பாப்பாக்களில் ஒருத்திக்கு மூன்று வயது என்பதை அவள் அம்மாவே பிறகு எங்களிடம் சொன்னார். தன்னைவிட மூத்தவளுக்கு அண்ணனாகி, ஏன் எழுப்பப்பட்டோம் என்று சொல்லத் தெரியாமல் அவன் வெளியே நின்றான். வளர்த்தியான குழந்தை இழப்பது இதைத்தான். மற்ற குழந்தைகளுக்குக் கேட்காமலே கிடைக்கும் பொறுமை அதற்குக் கிடைப்பதில்லை.

நம் பிள்ளைத்தமிழ் மரபு குழந்தையை உயரத்தால் அளக்கவில்லை. தலையசைத்து ஆடும் செங்கீரை, கைகொட்டும் சப்பாணி, நடந்து வரும் வருகை, நிலவைக் கூட்டாளியாக அழைக்கும் அம்புலி என, குழந்தை என்ன செய்கிறது என்பதே அங்கே பருவம். பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவங்களில் நீராடலும் ஊசலும் வருகின்றன. இன்றைய பூங்காக்கள் சீட்டுப் போட்டு விற்பதும் பெரும்பாலும் இந்த இரண்டைத்தான். நீரும் ஊஞ்சலும் அப்படியே இருக்க, குழந்தையைப் பார்க்கும் கண்தான் மாறிவிட்டது.

செய்யக்கூடியவை எளியவைதாம். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு வழங்கப்படும் நீலநிற பால் ஆதாரில் பிறந்த தேதி இருக்கிறது. அதைக் காட்டுபவர்களுக்கு வயதின்படியும், காட்டாதவர்களுக்கு உயரத்தின்படியும் கட்டணம் வாங்கலாம். ராட்டினங்களுக்கு உயர வரம்பு அப்படியே இருக்கட்டும். கோட்டைத் தாண்டிவிட்டதாலேயே குழந்தையை ஏற்றிவிடாமல் இருப்பது பெற்றோரின் பொறுப்பு. மழலையர் விளையாடும் இடங்களில் மட்டும் உயரத்தைப் பார்த்து வெளியேற்றுவதற்கு முன் வயதைக் கேட்டுவிடலாம். வரிசையில் நிற்கும் நமக்கும் இது பொருந்தும். அழுகிற குழந்தையைப் பெரிய பையன் என்று சொல்வதற்கு முன், "என்ன வயசாகுது?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.