மைனஸ் 30-க்கு அசராத கொடி!

ஜூஸ் கடையில் கிவி பழம் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் பழுப்பு முடியோடு, பத்து நாள் ஷேவ் பண்ணாத ஹாஸ்டல் பையன் மாதிரி இருக்குமே... அதேதான்! அதுக்கு ஒரு தம்பி இருக்கான். திராட்சை சைஸ், வழவழ தோல். உரிக்கவே வேணாம், அப்படியே வாயில் போட்டுக்கலாம். பேரு, ஹார்டி கிவி. பாட்டனி ஸ்டூடன்ட்ஸ் மட்டும் நோட் பண்ணிக்கோங்க: ஆக்டினிடியா அர்குடா!

சொந்த ஊர் ஜப்பான், கொரியா, வட சீனா, ரஷ்யாவின் கிழக்குக் கோடி. 1870-களில் அமெரிக்கா போனது. அங்கே ரொம்ப காலம் பங்களாக்களில் நிழலுக்குப் படரவிடும் அழகுக் கொடியாகத்தான் இருந்தது. பழத்தை அவ்வளவாக யாரும் கண்டுக்கலை. 2013-ல்தான் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம், நல்ல ரகங்களை உருவாக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கியது.

அந்தப் பக்கம் குளிர்காலம் என்றால் தோட்டமே பனிக்குள் புதைந்துவிடும். ஆனால், நம்ம ஆள் அசர மாட்டார். இலையெல்லாம் உதிர்த்துவிட்டு, மொட்டை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு தூக்கம். அந்தத் தூக்கத்தில் மைனஸ் 30 டிகிரி வரைக்கும் தாங்கும்!

அப்போ வில்லன் யாரு? வெயில்!

ஏப்ரலில் நாலு நாள் சேர்ந்தாற்போல வெயில் அடித்தால், 'ஆஹா, வசந்தம் வந்தாச்சு'னு கொடி முழிச்சுக்கும். தளதளன்னு தளிர் விடும். பிறகு ஒரே ஒரு ராத்திரி உறைபனி... மைனஸ் 2 டிகிரி போதும், தளிர் மொத்தமும் கருகிடும். பூ பூப்பதே அந்தப் புதுத் தளிரில்தான். ஸோ, கொடி பிழைத்து மறுபடி துளிர்த்தாலும் அந்த வருஷம் பழம் பெரும்பாலும் அம்பேல்.

அதனால் விவரமான தோட்டக்காரர்கள் இதை வெயில் அடிக்கிற தெற்குச் சுவர் ஓரம் நடமாட்டார்கள். பனிக்காற்று தேங்கும் பள்ளத்திலும் நடமாட்டார்கள். வடக்குப் பார்த்த சரிவுதான் சாய்ஸ். அங்கே மண் லேட்டாகச் சூடாகும், கொடியும் லேட்டாக எழுந்திருக்கும். உறைபனி வரும்னு தெரிந்தால், ராத்திரி பழைய பெட்ஷீட்டால் போர்த்திவிடுவார்கள்.

இன்னொரு மேட்டர். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. கோ-எட் இல்லைன்னா காய்க்காது பாஸ்! ஆறேழு பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடி போதும். 'இஸ்ஸாய்' என்ற ஜப்பான் ரகம் மட்டும் தனியாகவே காய்க்கும். தண்ணீர் தேங்காத மண் வேணும், தேங்கினால் வேர் அழுகிடும். ஆறடி உயரத்தில் கம்பம் நட்டு, துணி காயப்போடுற மாதிரி கம்பி இழுத்துக் கட்டணும். குளிர்காலத்தில் கட்டாயம் கவாத்து பண்ணணும். விட்டால் மரத்து மேலேயே ஏறிடும். மாசசூசெட்ஸில் லெனாக்ஸ் என்ற ஊரில் காட்டு மரங்களையே மூடிப் படர்ந்து தலைவலி கொடுத்திருக்கு!

பழம்? நட்டு மூன்றிலிருந்து ஐந்து வருஷம் ஆகும். ஒரு டிகிரியே முடித்துவிடலாம். ஆனால், முழுசாக வளர்ந்த கொடி ஒரே சீஸனில் 20 கிலோவுக்கு மேல் கொட்டும்.

பக்கத்து பெஞ்ச் பையனுக்கு ஆஃபர் லெட்டர் வந்தாச்சு, நமக்கு இன்னும் ஒரு இலைகூட விடலையேனு தவிக்கிறீங்களா? இந்தக் கொடியைக் குளிர் கொல்றதில்லை. நாலு நாள் வெயிலைப் பார்த்து அவசரப்படுறதுதான் அதைக் கவுக்குது. உங்க வேர் இன்னும் மண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கலாம். லேட்டா துளிர்க்கிறது தோல்வி இல்லை ஃப்ரெண்ட்ஸ்!